உப்புக் கழனியில் ஒரே ஒரு முகம்

என் பழைய கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரில் ஒரு முதியவர் நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருக்கிறார். அவருக்குப் பின்னால் பழவேற்காடு ஏரி வானத்தின் நிறத்திலேயே கிடக்கிறது. ஊசி போட்டுக்கொள்ள வரிசையில் நிற்பவரின் முகம் அவருக்கு. வலது கையை மார்புக்கு நேரே உயர்த்தி, விரல்களுக்கு நடுவே வெள்ளையாக எதையோ பிடித்துக் காட்டுகிறார். படத்தின் அடியில் நேரம் பதிவாகியிருக்கிறது: பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டு. கிழமை என் நாட்குறிப்பில் இருக்கிறது: கார்த்திகை மாதத்து இரண்டாம் செவ்வாய்.

சென்ற வாரம், அந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உதவி வேளாண்மை அலுவலர் பொன்னேரியில் இருக்கும் எனக்குப் போன் செய்தார். நல்ல பிள்ளை, குரலிலேயே பயம் தெரிந்தது. "மேடம், நீங்க இருந்தப்போ எடுத்த படம் ஒண்ணு. பெரியவர் கையில வெச்சிக்கினு இருக்கறது இன்னா மேடம்? சிஸ்டம்ல அடையாளம் தெரியாத பொருள்னு காட்டுது. விளக்கம் கேக்கறாங்க."

நான் ஓய்வு பெற்று இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. என் நாற்காலிக்கு வந்தவர்களில் இவர் மூன்றாமவர். முதலாமவரும் இதையே கேட்டார். இரண்டாமவரும் இதையே கேட்டார். இருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் சொன்னேன். இருவருமே "சரிங்க மேடம், குறிச்சிக்கறேன்" என்றார்கள். எங்கே குறித்தார்கள் என்று தெரியவில்லை. எழுதி வைத்துவிட்டால் நான்காவது ஆளுக்குத் தாளாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நினைவை நம்பி எழுதிய இடங்களில் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

படத்தில் இருப்பவரை ஊரே நைனா என்றுதான் அழைக்கும். அந்த ஆந்திர எல்லைப் பக்கத்தில் அப்பாவை அப்படி அழைப்பவர்கள் உண்டு. அவரோ தன் மகனைவிட வயதில் மூத்தவர்களுக்கும் நைனா. ஆரம்பாக்கத்திலிருந்து கிழக்கே போனால் நெல் வயல்கள் முடிந்து உப்பு மண் தொடங்கும் இடத்தில் அவர் ஊர். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். அங்கே ஒன்பது வீட்டுக்கும் பொதுவாக ஒரு நீளமான நிலப்பட்டை. மேற்கே ஊர் ஏரியின் நல்ல தண்ணீர் பாயும் முதல் கழனி. கிழக்கே போகப் போக மண் கெட்டு, கடைசியில் பழவேற்காடு ஏரியின் கரையைத் தொடும் ஒன்பதாவது கழனி. அதற்குப் பெயரே உப்புக் கழனி. மழை மிஞ்சி ஏரி எகிறும் ஆண்டுகளில் முதலில் மூழ்குவது அதுதான்.

ஒரு வீட்டுக்கு நல்ல கழனி, இன்னொரு வீட்டுக்கு உப்புக் கழனி என்று நிரந்தரமாகப் பிரித்தால் சண்டை வரும். அதனால் அவர்கள் நிலத்தைப் பிரிக்கவே இல்லை, ஆண்டுகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆடியிலும் சீட்டு. ஏரியில் பொறுக்கிய ஒன்பது மட்டி ஓடுகள், வீட்டு வரிசைப்படி கோடு கீறியவை: முதல் வீட்டுக்கு ஒரு கோடு, கடைசி வீட்டுக்கு ஒன்பது. ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, மேற்கிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முதலில் வந்த ஓடு யாருடையதோ அவருக்கு முதல் கழனி. கடைசியில் சொம்பில் தங்கிய ஓட்டுக்கு உப்புக் கழனி. ஓட்டைக் கழனி மூலையில் நட்ட குச்சியில் கட்டிவிடுவார்கள். அடுத்த ஆடி வரை அதுதான் பட்டா.

ஏரியில் மீனவர்கள் வலை போடும் இடங்களை இப்படித்தான் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களைப் பார்த்து இவர்கள் கற்றார்கள் என்றுதான் எவரும் நினைப்பார். நைனா ஒப்புக்கொள்ள மாட்டார். "நாங்கதாம்மா அவுங்களுக்கே சொல்லிக் குடுத்தோம்" என்பார். பழவேற்காட்டு மீன் கடையில் இதைச் சொல்லி ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. நானும் டச்சுக்காரர் காலத்துக் குறிப்புகளில் கிடைத்தவற்றையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எதிலும் இல்லை. இருந்தால் முதலில் அவரிடம்தான் எடுத்துப் போயிருப்பேன்.

இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. உப்புக் கழனி விழுந்த வீட்டுக்கு மற்ற எட்டு வீடுகளும் ஆளுக்கொரு மூட்டை நெல் கொடுக்க வேண்டும். இது ஒன்று. மற்றது கடுமையானது: அடுத்தவர் முறையில் இருக்கும் கழனியில் நின்று "இது என்னுது" என்று சொன்னவருக்கு அடுத்த ஆடிச் சீட்டில் இடமில்லை. ஓராண்டு நிலமே கிடையாது. இந்த இரண்டாவது கட்டுப்பாட்டை ஒருவர் மீது கடைசியாகப் பிரயோகித்தவர் நைனா. அந்த ஒருவர் அவருடைய சொந்தத் தம்பி. வரப்புத் தகராறில் கோபமாகச் சொன்ன ஒரு சொல்லுக்காக அண்ணன் தம்பியை ஓராண்டு வெளியே நிறுத்தினார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு மட்டும் பேசுவார்கள். ஊர் அதைப் பேச்சில் சேர்ப்பதில்லை.

இனி வருவது, இத்தனை குழப்பத்துக்கும் காரணமான தவறு. நான் வருவதற்கு முன் நடந்தது; நைனா வாயால் பலமுறை கேட்டது. கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தனித்தனியாகக் கொடுக்க நில அளவைக்காரர்கள் வந்தார்களாம். ஒவ்வொருவரிடமும் "உன் கழனி எது, போய் நில்லு" என்றார்களாம். யாருக்கு எது என்று சொல்வதில் ஒன்பது வீட்டாருக்கும் குழப்பமே வரவில்லை. குச்சியில் எந்த ஓடு கட்டியிருக்கிறதோ அங்கே போய் நின்றார்கள். நின்றே ஆக வேண்டும் என்று விரட்டியவர் நைனா. அந்த ஆண்டு அவருக்கு உப்புக் கழனி. தம்பிக்கு முதல் கழனி. அளவைக்காரர்கள் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். பட்டா வந்தது. மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள். அடுத்த ஆடியில் வழக்கம்போல் சொம்பைக் குலுக்கினார்கள்.

"எப்படி நைனா ஒத்துக்கிட்டீங்க? அது நிரந்தரம்னு தெரியாதா?" என்று கேட்டேன்.

"உண்மையத்தானேம்மா சொன்னோம்? அந்த வருஷம் அது என்னுதுதானே? அடுத்த வருஷம் வந்து திரும்பக் கேப்பாங்கன்னு நெனச்சோம். வரவே இல்ல. வராதது எங்க தப்பா?"

அன்று மாலை நாட்குறிப்பில், "அரசாங்கம் ஆண்டுதோறும் வந்து கேட்கும் என்று காத்திருந்தவர்களை இன்று சந்தித்தேன்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதப் பேனா வரவில்லை போலிருக்கிறது.

பட்டா பெட்டிக்குள் கிடந்த வரையில் யாருக்கும் கேடில்லை. நிவாரணம் வரத் தொடங்கியபோதுதான் வினை. வெள்ளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயிர் போனால் இடுபொருள் மானியம் என்று அரசு தருகிறது. மறுபடி விதைக்கவும் உரம் வாங்கவும். உப்புக் கழனிக்கு அது ஏறக்குறைய எல்லா வெள்ள ஆண்டிலும் கிடைக்கும். கிடைப்பது கணினியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில், அதாவது நைனா கணக்கில். அந்த விஷயத்தில் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. ஆரம்பாக்கம் போய் எடுத்து வந்து, அந்த ஆண்டு யார் பயிர் வைத்திருந்தாரோ அவர் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் மற்ற வீடுகள் என்ன செய்தன? "அதான் உப்புக் கழனிக்குக் கவர்மெண்டு குடுக்குது இல்ல?" என்று மூட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டன. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஓராண்டு ஒரு வீடு கொடுக்கவில்லை, அடுத்த முறை நான்கு வீடு. அப்புறம் அப்படி ஒன்று இருந்ததையே பேசுவதில்லை. மாதக் கணக்கில் தாமதமாக வரும் ஒரு மானியம், மறுநாளே வந்து சேர்ந்த எட்டு மூட்டையை ஒழித்துவிட்டது. துறைக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னேன். "நல்ல பாயிண்ட்" என்றார்கள். பிறகு டீ வந்தது.

அந்தக் கார்த்திகையில் உப்புக் கழனி விழுந்திருந்தது கடைசி வீட்டுக்கு. அதாவது தம்பியின் வீட்டுக்கு. பயிர் வைத்திருந்தவள் தம்பியின் மருமகள். நான் அவளை அக்கா என்றுதான் அழைப்பேன். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் அப்படித்தான் வாயில் வந்தது. கணவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். நடவுக்காகக் காதிலிருந்த கம்மலை அடகு வைத்திருந்தாள். மழை நான்கு நாள் பெய்தது. ஏரி எகிறிக் கழனிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கதிர் வைக்கும் பருவத்தில் பயிர் போயிற்று.

போன பயிருக்காக அவள் அழவில்லை, மண்ணுக்காகத்தான் பதறினாள். உப்புத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, ஊர் ஏரியில் நல்ல தண்ணீர் இருக்கும்போதே இரண்டு மூன்று முறை பாய்ச்சிக் கழுவிவிட்டால் அடுத்த போகமான நவரைக்கு விதைக்கலாம். விட்டால் உப்பு கீழே இறங்கி, அந்த ஆண்டு மட்டுமல்ல, வருகிற ஆண்டும் ஒன்றும் முளைக்காது. இறைக்க டீசல் எஞ்சின் வேண்டும், வரப்பு போட ஆள் வேண்டும். நிவாரணப் பட்டியலில் கழனி ஏறிவிட்டால், அந்தப் பதிவுச் சீட்டைக் காட்டி எஞ்சின்காரரிடம் தவணை சொல்லலாம். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்: "பதிஞ்சி குடுத்துடுங்க மேடம், மீதிய நான் பாத்துக்கறேன்."

பதிவதற்கு அந்த ஆண்டுதான் கைப்பேசியில் புதிய செயலி கொடுத்திருந்தார்கள். பட்டாதாரர் சேதமான வயலுக்குள் நிற்க வேண்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். படம் எடுத்த இடம் அந்தச் சர்வே எண்ணுக்குள் விழ வேண்டும். வெளியூரிலிருந்துகொண்டு நிவாரணம் வாங்குகிறவர்களைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். இந்த ஒன்பது வீட்டை நினைத்து யாரும் செய்யவில்லை, அவ்வளவே.

நைனாவிடம் சொன்னேன். "நான் எப்படிம்மா அங்க நிப்பேன்? அது தம்பி வூட்டு மொற" என்றார். காலையிலிருந்து மதியம் வரை வாதாடினேன். கடைசியில், "நிக்கறேன். என்னுதுன்னு சொல்ல மாட்டேன்" என்று இறங்கி வந்தார். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம். வயலில் முழங்கால் தண்ணீரில் நிற்க இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று கேட்டேன். "கலெக்டர் பாப்பாரு இல்ல?" என்றார்.

அன்று எடுத்தவை பதினான்கு படங்கள். ஒன்றையும் அழிக்கவில்லை. முதல் படத்தில் அவர் வரப்பின்மேல் நிற்கிறார்; கழனிக்குள் கால் வைக்கவில்லை. செயலி "வேறு சர்வே எண்" என்றது. இரண்டாவதில் காலை வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவதில் கண்ணை மூடியிருக்கிறார். தெரிந்தே மூடினார் என்று இன்றும் சொல்வேன். நான்காவது எடுக்கும்போது கைப்பேசி எல்லை தாண்டிய செல்போன் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு என்னை ஆந்திராவுக்கு வரவேற்றது. செயலி, நான் மாநிலத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டது. ஐந்தாவதிலிருந்து அவர் ஒரு நிபந்தனை போட்டார்: அக்காவும் பக்கத்தில் நின்றால்தான் நிற்பேன். நின்றாள். "ஒன்றுக்கு மேற்பட்ட முகங்கள்" என்று சிவப்பில் வந்தது. அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். அப்போதும் அதேதான். குனியச் சொன்னேன். குனிந்தவள் சிரிப்பு தாங்காமல் நிமிர்ந்துவிட்டாள். அதற்குள் வரப்பில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். தம்பியும் ஒரு குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாடா, அண்ணனுக்குக் கல்யாண போட்டாவா?" என்றார் தம்பி, யாரைப் பார்த்தும் இல்லாமல்.

"அவன வாய மூடச் சொல்லும்மா" என்றார் நைனா, என்னைப் பார்த்து.

பதின்மூன்றாவது படமும் போன பிறகு அக்காவுக்குப் பொறுமை போயிற்று. "பெரிய மாமா, இன்னும் ரெண்டு நாள் போனா உப்பு உள்ள எறங்கிடும். ஊர் ஏரித் தண்ணிய அதுக்குள்ள கடைமடைக்காரங்க இழுத்துடுவாங்க. நீ நின்னா யாருது, நிக்காட்டா யாருதுன்னு அப்பறமா பேசிக்கலாம். இப்ப நில்லு, நின்னுட்டு வூட்டுக்குப் போ."

அவர் தண்ணீரை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போய், குச்சியிலிருந்து மட்டி ஓட்டை அவிழ்த்தார். அதில் ஒன்பது கோடுகள். தம்பி வீட்டு ஓடு.

"இத்தக் கையில வெச்சிக்கினா யார் மொறன்னு தெரியும் இல்ல?"

"தெரியும் நைனா."

"கவர்மெண்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டுக்கு ஓர் அரசு ஊழியர் சொன்ன பொய் அது.

பதினான்காவது படத்தைச் செயலி ஏற்றுக்கொண்டது. பச்சையில் ஒரு குறி. வரப்பிலிருந்தவர்கள் ஓடு கையில் இருந்ததைப் பார்த்தார்கள். சரி என்பதுபோல் தலையாட்டினார்கள். தம்பிகூட. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் உறுதிமொழி பாக்கி இருந்தது. விவசாயிக்குப் படித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை. என் உடன் வேலை செய்த யாரும் படித்துக் காட்டியதில்லை. விரலைப் பிடித்து வைப்பார்கள், முடிந்தது. நான் அப்படிப்பட்டவள் இல்லை. முப்பத்தோராண்டு வேலையில் ஒரு படிவத்தையும் படிக்காமல் கையெழுத்து வாங்கியதில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் உரக்கவே படித்தேன்: "மேற்படி நிலம் எனக்குச் சொந்தமானது. நடப்புப் பருவத்தில் இதில் நானே பயிர் செய்துவருகிறேன்."

படிக்கும்போதே எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் கட்டைவிரல் கைரேகைக் கருவியில் இருந்தது. அக்காவுக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டு அவரே வைத்துவிட்டார். கருவி கீச்சிட்டது.

வரப்பிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நெற்களத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். என் தவறு, படித்தது நான், அவர் அப்படி ஒரு சொல்லைச் சொல்லவே இல்லை என்று எடுத்துச் சொல்லப் போனேன். காப்பி கொடுத்து உட்கார வைத்தார்கள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் அங்கே இல்லாதது போலப் பேசத் தொடங்கினார்கள். இதில் என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது ஒன்று உண்டு. நைனா யாருக்காக அந்தத் தண்ணீரில் இறங்கினாரோ அந்த வீட்டுக்காரர்தான் அவரை வெளியே நிறுத்தச் சொல்லி எல்லாரையும்விட உரக்கக் கத்தினார்.

"எனுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா? நான் வாயால சொன்னேன். அவரு ரேகயே வெச்சிட்டாரு."

"மாமா, நம்ம கழனிக்காகத்தான் வெச்சாரு" என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

"அது வேற, இது வேற."

நைனா எழுந்து நின்றபோது மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரை எனக்கு அப்போதும் சரியாகத் தெரியவில்லை.

"அவன் சொல்றது சரி. என்னிய வெளிய நிறுத்து" என்றார். "வர்ற ஆடிக்கு என் ஓட்ட சொம்புல போடாதீங்க. ஆனா ஒண்ணு. கட்டுப்பாட்ட தூசி தட்டி எடுக்கறீங்க இல்ல? முழுசா எடுங்கடா. பாதிய எடுத்து என் தலைல போட்டுட்டு, மூட்ட குடுக்கணும்ன்றத மட்டும் மறந்துடுவீங்களா?"

"அதான் நிவாரணம் வருதே நைனா" என்றார் ஒருவர்.

"வந்துதா? எங்க, காட்டு! அது வர்றதுக்குள்ள உப்பு வந்துடும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எட்டு மூட்டையும் அவ வூட்டு வாசல்ல இருக்கணும். இல்லன்னா நானும் ஆடிக்கு ஓட்டத் தூக்கிக்கினு வந்து நிப்பேன்."

மறுநாள் எட்டு மூட்டையும் வந்தன. முதலில் வந்தது நைனாவின் மூட்டை. அதில் வண்டு இருந்ததாக அக்கா பிறகு சொன்னாள். எட்டில் நல்ல நெல் எத்தனை என்று நான் கேட்கவில்லை. விற்று எஞ்சின் வைத்தாள். ஊர் ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே மூன்று முறை கழுவினாள். மார்கழிக் கடைசியில் விதைத்தாள். மாசியில் நான் போனபோது உப்புக் கழனி பச்சையாக இருந்தது. முதல் கழனியின் பச்சை இல்லை, ஆனாலும் பச்சை.

நிவாரணம் அந்த மாசியில்தான் வந்தது. அதற்குள் மேலிடத்திலிருந்து "பயனாளி கையில் வைத்திருக்கும் பொருள் என்ன?" என்று எனக்கு ஒரு குறிப்பாணை வந்து, "நில எல்லை அடையாளம்" என்று நான் பதில் எழுதி, "எல்லைக் கல்லை ஏன் பிடுங்கினார்?" என்று மறுபடி கேட்டு, அதற்கும் பதில் எழுதினேன். நைனா பணத்தை எடுத்து வந்து தம்பி மருமகளிடம் கொடுத்தார். கொடுத்த அன்றே நான்கு வீடுகள் மூட்டையைத் திருப்பிக் கேட்டன. அக்கா வாசலில் நின்று சொன்னதாக எனக்குச் சொன்னாள்: "உப்புக் கழனி என் வூட்டுலயே தங்கிடப்போவுதா? நாளைக்கு உன் வூட்டுக்கு வரும். அன்னிக்கு என் மூட்ட வரும். போ."

வைகாசியில் நான் ஓய்வு பெற்றேன். ஆடியில் சொம்பில் எட்டு ஓடுகள்தான் விழுந்தன. மேற்கிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் எட்டோடு தீர்ந்துவிட்டது. உப்புக் கழனி யாருக்கும் விழவில்லை. கணினியில் நைனாவுக்குச் சொந்தமான ஒரே கழனி அது. "பேப்பர்ல உன்னுதுதானே, போய் நடு" என்று தம்பி கிண்டல் செய்தாராம். நைனா நடவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அவர் எனக்குப் போன் செய்தார். வாரத்தில் இரண்டு முறை, பெரும்பாலும் காலை பதினொரு மணிக்கு, மற்றவர்கள் வயலில் இருக்கும் நேரத்தில். உரம் வந்ததா, மழை வருமா என்று கேட்பார். நடவே இல்லாதவருக்கு எதற்கு உரம் என்று நான் கேட்டதில்லை. முடிக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்.

"ஏம்மா, அன்னிக்கு மனசுக்குள்ளயே படிச்சிருக்கக் கூடாதா?"

"சுற்றறிக்கை அப்படி நைனா."

"வேற யாரும் படிக்கலியாமே?"

"நான் படிப்பேன்."

"தெரியும், தெரியும். வெச்சிடறேன்."

ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் விரலை அவரே வைத்தார். அவர் தம்பிதான் கத்தினார். கட்டுப்பாட்டை இறுக்கி வைத்தவரும் அவரே. இதையெல்லாம் வரிசையாக அவரிடம் சொல்லவும் சொல்லியிருக்கிறேன். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அவர் இறந்தார். அவருடைய ஓடு மறுபடி சொம்பில் விழ நான்கு மாதம் இருந்தது. அறுபது ஆண்டுகள் பயிர் செய்த மனிதர், கடைசி ஆண்டில் கையில் ஒரு கழனி இல்லாமல் போனார். அந்த வாக்கியத்தை நான் உரக்கப் படிக்காமல் இருந்திருந்தால் அவருக்குக் கடைசியாக ஒரு விளைச்சல் இருந்திருக்கும். படித்தது விதிப்படி சரி. இரண்டையும் என் நாட்குறிப்பில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எதை அடிப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இந்தக் கார்த்திகையிலும் ஏரி எகிறியது. உப்புக் கழனி இம்முறை மூன்றாம் வீட்டுக்கு. கூட்டம் எதுவும் போடாமலே எட்டு மூட்டை போய்ச் சேர்ந்தன என்று அக்கா போனில் சொன்னாள்; அவளுடையது முதலில் போனதாம், வண்டு இல்லாத நெல் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். நிவாரணம் மட்டும் நிற்கிறது. பட்டாதாரர் இறந்துவிட்டார், மகன் வாரிசுச் சான்றுக்குக் கொடுத்த மனு ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. அதனால்தான் புதிய அலுவலர் பழைய பதிவைத் திறந்தார். திறந்தால் நைனா நிற்கிறார், அக்கா வீட்டு ஓட்டைக் காட்டிக்கொண்டு. அன்று அளவைக்காரர்கள் ஓராண்டு முறையை நிரந்தரமாக்கிவிட்டுப் போனார்கள் என்று எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். கணினியின் கணக்கில் அந்தக் கழனியில் எப்போதும் அதே கார்த்திகை, அதே செவ்வாய், அதே ஒன்பது கோடுகள்.

"அது பட்டா, தம்பி" என்றேன் அந்தப் பிள்ளையிடம். "அவர் கையில் இருப்பதுதான் பட்டா."

"அப்படியா மேடம்? அப்போ அதை ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியுமா?"

போனை வைத்துவிட்டு மறுபடி அந்தப் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஓட்டின் கோடுகளை எண்ணலாம், எண்ணியிருக்கிறேன். வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சாய்வாக அடித்த நேரம் அது. நைனாவின் காலடிக்கு இந்தப் பக்கம், கலங்கல் தண்ணீரின் மேல் இரண்டு நிழல்கள் நீண்டு விழுந்திருக்கின்றன. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருப்பது என்னுடையது. எனக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர் சீக்கிரம் நின்று முடிக்க வேண்டுமே என்று நிற்பது, அந்த ஆண்டு அந்தக் கழனியில் பயிர் வைத்தவளுடையது. செயலி நிழலை முகமாக எண்ணவில்லை. அது யார் என்று மூன்று அலுவலர்களில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.